வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 – ஜூன் 17, 1911) இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தைச் சேர்ந்த ஒரு புரட்சியாளர் ஆவார். வாஞ்சி ஐயர், வீரவாஞ்சி என்றும் இவர் அழைக்கப்படுகிறார். திருநெல்வேலி மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த இராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ் என்பவரை மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் சுட்டுக் கொன்று, அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அப்போது இவருக்கு வயது 25. சென்னை மாகாணத்தில் இந்தியப் புரட்சியாளர் ஒருவர் ஆங்கிலேய ஆட்சி அதிகாரியைக் கொன்ற நிகழ்வுகளுள் இதுவே பெரிதும் அறியப்பட்டதாகும்.

இவர் கையாண்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் வகை அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி. கைத்துப்பாக்கி என்றாலே ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியைக் குறித்த காலம் முடிந்து, அரைத்தானியங்கி வகை பரவத் தொடங்கிய ஆண்டுகள் அவை. எனவே வாஞ்சிநாதனின் வரலாறு ஓர் ஆயுத மாற்றத்தின் வரலாற்றோடும் பிணைந்துள்ளது.

இளமை

வாஞ்சிநாதன் 1886ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். தந்தை இரகுபதி ஐயர்; தாய் ருக்மணி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன் என்பதாகும். வாஞ்சி என்பது வழக்குப் பெயராக நிலைத்தது. செங்கோட்டை இன்று தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்ததாக இருந்தது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையின்போதுதான் இவ்வூர் தமிழகத்துடன் இணைந்தது.

செங்கோட்டையில் பள்ளிக் கல்வி பெற்ற இவர், திருவனந்தபுரத்திலும் பயின்றார். பொன்னம்மாள் என்பவரை மணந்தார். பின்னர் திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில் பணியில் சேர்ந்து புனலூரில் வேலை பார்த்தார். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து செல்லும் கொல்லம் – செங்கோட்டை இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டிருந்தது. இதனால் புனலூரிலிருந்து சொந்த ஊருக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் செல்வது எளிதாயிற்று.

காலச் சூழல்

1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை அடுத்து எழுந்த சுதேசி இயக்கம் தெற்கே தூத்துக்குடியில் வலுப்பெற்றது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். இதனால் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் தனியுரிமை பாதிக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கும் வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர்.

மார்ச் 12, 1908 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். வ. உ. சி.க்கு அமர்வு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது எனினும், அத்தீர்ப்பின் கடுமை தென்மாவட்ட இளைஞர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

இக்காலத்தில் தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்தவர் ஆஷ். 1872ஆம் ஆண்டு பிறந்த ஐரிஷ்காரரான இவர், சுதேசி நாவாய்ச் சங்கத்தை ஒடுக்குவதில் முன்னின்றவர் எனச் சுதேசியர் கருதினர். 1910ஆம் ஆண்டில் இவர் திருநெல்வேலி மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியரானார். நாவாய்ச் சங்கம் நலிந்து 1911இல் கலைக்கப்பட்டது.

பாரத மாதா சங்கம்

சீர்காழியை அடுத்த எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி, பாண்டிச்சேரியில் இதழாசிரியராகப் பணியாற்றியவர். தென்மாவட்டங்களில் பயணம் செய்து, ஆயுதப் புரட்சியை நோக்கமாகக் கொண்ட பாரத மாதா சங்கம் என்னும் இரகசிய அமைப்பை இவர் உருவாக்கினார். 1910ஆம் ஆண்டில் தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி, ஒட்டப்பிடாரம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் இதில் சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். வாஞ்சிநாதனின் மைத்துனரான சங்கரகிருஷ்ண ஐயர் இவ்வமைப்பில் முதன்மையான பங்கு வகித்தார். அவர் வழியாகவே வாஞ்சிநாதனும் சங்கத்துடன் தொடர்பு கொண்டார்.

இச்சங்கத்தாரின் முன்னிருந்த முதல் இடர் ஆயுதம் இன்மை ஆகும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. ஐரோப்பியர்களுக்கு விதிகளில் விலக்கு இருந்தது. ஓர் ஆங்கிலேய அதிகாரி எளிதாக வாங்கக்கூடிய கைத்துப்பாக்கியை ஓர் இந்தியர் வெளிநாட்டிலிருந்து கடத்தியோ, களவாகவோதான் பெற வேண்டியிருந்தது.

பாண்டிச்சேரியில் பயிற்சி

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாண்டிச்சேரியில் பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் செல்லுபடியாகவில்லை. சுப்பிரமணிய பாரதி 1908இலும், அரவிந்தர் 1910இலும் அங்குப் புகலடைந்தனர். 1910இன் இறுதியில் இலண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய வ. வே. சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்த இவர், சட்டம் பயில இலண்டன் சென்று இந்தியா ஹவுஸ் குழுவில் சேர்ந்தவர். துப்பாக்கி சுடுதலில் தேர்ந்தவர்.

பிரௌனிங் துப்பாக்கிக்கும் இந்தியப் புரட்சியாளர்களுக்குமான தொடர்பு இந்தியா ஹவுசில் தொடங்கியதாகும். 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விநாயக தாமோதர் சாவர்க்கர் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை ஒரு பெட்டியின் இரகசிய அடித்தட்டில் மறைத்து, சதுர்புஜ் அமீன் என்பவர் வழியாகப் பம்பாய்க்கு அனுப்பினார். டிசம்பர் 21, 1909 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனை அனந்த் கான்கேரே சுட்டுக் கொன்றது அவற்றுள் ஒன்றால்தான். அதற்கு முன்னர் ஜூலை 1, 1909 அன்று இலண்டனில் கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்க்ராவும் அரைத்தானியங்கி வகையைக் கையாண்டார்.

வாஞ்சிநாதன் 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணியில் விடுப்பு எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி சென்றார். அங்கு வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பயின்றார். ஆயுதத்தைப் பெறுவதோடு பணி முடிவதில்லை என்பதை ஐயர் அறிந்திருந்தார். அரைத்தானியங்கித் துப்பாக்கி, அதன் இயக்கம் தெரியாதவருக்குப் பயன் தராது. தோட்டாவை முதலில் அறைக்குள் ஏற்றுவது, காப்பு விசையை விடுவிப்பது, தோட்டா வெடிக்காவிட்டால் அதை வெளியேற்றுவது ஆகிய அனைத்தையும் கை பழகியிருக்க வேண்டும். ஐயரின் பயிற்சியின் தேவையை உணர, அன்று வழங்கிய இரு வகைத் துப்பாக்கிகளின் வேறுபாட்டை அறிதல் நலம்.

சுழல் துப்பாக்கியும் அரைத்தானியங்கியும்

சுழல் துப்பாக்கியில் ஐந்து அல்லது ஆறு துளைகள் கொண்ட உருளை ஒன்று உள்ளது. ஒவ்வொரு துளையிலும் ஒரு தோட்டா இருக்கும். விசையை இழுக்கும்போதோ, சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளும்போதோ உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வருகிறது. இவ்வேலை முழுவதையும் செய்வது சுடுபவரின் விரல் வலிமையே. தோட்டா வெடிப்பதற்கும் உருளை சுழல்வதற்கும் தொடர்பு இல்லை. 1887 முதல் பிரிட்டிஷ் படையில் வழங்கிய வெப்லி சுழல் துப்பாக்கி இவ்வகைக்குச் சிறந்த சான்றாகும். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளிடையே அது பரவலாக இருந்தது.

அரைத்தானியங்கியில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் ஒரு தட்டையான கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இக்கூடு மேகசின் எனப்படும். ஒரு தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் பின்னுதைப்பால் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னே நகர்ந்து, வெற்று உறையை வெளியே எறிகிறது. பின்னர்ச் சுருள்வில்லின் விசையால் முன்னே வரும்போது அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. சுடுபவர் ஒவ்வொரு முறையும் விசையை மட்டும் இழுத்தால் போதும். ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டாவே வெடிக்கும் என்பதால் இது அரைத்தானியங்கி எனப்படுகிறது.

இவ்வகையை எளிமையாகவும் மலிவாகவும் ஆக்கியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் (1855 – 1926). பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்டாலில் இருந்த எஃப். என். ஆலை 1897இல் அவருடன் உடன்பாடு செய்துகொண்டு, 1900ஆம் ஆண்டு மாதிரியை வெளியிட்டது. 7.65 மில்லிமீட்டர் குழல் விட்டமும், ஏழு தோட்டாக் கூடும் கொண்ட அத்துப்பாக்கியின் எடை சுமார் 625 கிராம். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. படையில் வழங்கிய வெப்லி சுழல் துப்பாக்கிகள் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை உடையவை.

நம்பகத்தன்மை

எவ்வகை நம்பகமானது என்னும் கேள்வி அன்று முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. சுழல் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், விசையை மீண்டும் இழுத்தால் போதும். அடுத்த தோட்டா நேராக வந்துவிடும். அரைத்தானியங்கியில் அவ்வாறு நேர்ந்தால் மற்றொரு கையால் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு இது எளிதன்று. மேலும் தோட்டாவின் வெடிமருந்து வலுக்குறைந்தாலோ, கைப்பிடி தளர்ந்திருந்தாலோ, மேற்பகுதி முழுமையாகப் பின்னே செல்லாமல் வெற்று உறை சிக்கிக்கொள்ளக்கூடும். உடலோடு ஒட்டி அழுத்திப் பிடித்தாலும் மேற்பகுதி சற்றே விலகி, சில வகைகள் வெடிக்க மறுக்கும்.

இக்குறைகள் இரகசியச் சங்கத்தாருக்குப் பெரிதானவை. அவர்கள் பெற்ற தோட்டாக்கள் கடல் கடந்து, மாதக்கணக்கில் பெட்டிகளிலும் பரண்களிலும் மறைந்து கிடந்தவை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று தோட்டாவின் தூண்டு மருந்தையும் துப்பாக்கியின் சுருள்வில்லையும் கெடுக்கக்கூடியது.

எனினும் சுழல் துப்பாக்கி குறையற்றதன்று. அதன் உள்ளுறுப்புகள் நுண்ணிய கடிகார வேலைப்பாடு உடையவை. உருளையின் அச்சு வளைந்தாலோ, தோட்டாவின் அடிப்பகுதி பிதுங்கினாலோ உருளை சுழலாமல் நின்றுவிடும். அதைக் கருவிகள் இன்றிச் சரிசெய்வது கடினம். அரைத்தானியங்கியில் ஏற்படும் சிக்கல் அடிக்கடி நேரக்கூடியது, ஆனால் பழகிய கை சில நொடிகளில் தீர்க்கக்கூடியது. சுழல் துப்பாக்கியில் ஏற்படும் சிக்கல் அரிதானது, ஆனால் நேர்ந்தால் அத்துடன் அதன் பயன் முடிந்தது. இவ்விரண்டின் வேறுபாட்டைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்.

தோட்டாவின் வலிமையிலும் வேறுபாடு உண்டு. வெப்லியின் ஈயக் குண்டு ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது, 7.65 மில்லிமீட்டர் பிரௌனிங் குண்டு 5 கிராமுக்கும் குறைவு. விரைவில் பின்னது முந்தினாலும் தாக்கு வலிமையில் முன்னதே மேலானது. இதனால் படையினர் சிறு பிரௌனிங்கை மதிக்கவில்லை. மறைத்து வைத்து அருகில் நின்று சுடுவோரே அதை விரும்பினர். பின்லாந்தில் 1904இல் உருசிய ஆளுநர் பாப்ரிக்கோவைச் சுட்ட யூஜேன் ஷௌமானும், 1909இல் ஹார்பினில் ஜப்பானின் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட கொரியர் ஆன் ஜுங்-குனும் கையாண்டவை 1900ஆம் ஆண்டு பிரௌனிங் மாதிரிகளே.

சுழல் துப்பாக்கியைக் கையாண்ட இந்தியப் புரட்சியாளரும் உண்டு. 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அலிப்பூர் சிறையில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேன் கோசாயினைக் கன்னையாலால் தத்தாவும் சத்தியேந்திரநாத் போசும் சுட்டது சுழல் துப்பாக்கிகளால்தான். எனவே ஆயுதத் தேர்வு பெரும்பாலும் கையில் கிடைத்ததைப் பொறுத்தது. உருளையின் புடைப்பு இல்லாத தட்டையான வடிவம், ஆடைக்குள் மறைக்கும் எளிமை, பெல்ஜியத்திலும் பிரான்சிலும் எளிதில் வாங்க இயன்றமை ஆகியவையே பிரௌனிங்கைப் புரட்சியாளர்களின் ஆயுதமாக்கின.

மணியாச்சி நிகழ்வு

ஜூன் 17, 1911 அன்று காலை ஆஷ் தம் மனைவி மேரியுடன் திருநெல்வேலியில் தொடர்வண்டி ஏறினார். கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைக் காண்பது பயணத்தின் நோக்கம். பாம்பன் பாலம் திறக்கப்படும் 1914ஆம் ஆண்டுவரை இலங்கைக்குச் செல்லும் போட் மெயில் தூத்துக்குடி வழியாகவே சென்றது. தூத்துக்குடியிலிருந்து வரும் அவ்வண்டியில் திருநெல்வேலிப் பயணிகள் மணியாச்சிச் சந்திப்பில் மாறி ஏற வேண்டும். எனவே திருநெல்வேலி வண்டி மணியாச்சியில் சில நிமிடங்கள் காத்து நின்றது.

வாஞ்சிநாதன் ஒட்டப்பிடாரம் மாடசாமி என்பவருடன் அங்கு வந்திருந்தார். ஆஷ் இணையர் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். பெட்டியை நெருங்கிய வாஞ்சிநாதன், மிக அருகில் நின்று ஆஷின் மார்பில் சுட்டார். கூட்டம் துரத்தியபோது நடைமேடை வழியே ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்தார். அங்கு அதே துப்பாக்கியைத் தம் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். ஆஷும் சிறிது நேரத்தில் உயிரிழந்தார். மாடசாமி தப்பிச் சென்றார். அவரைக் காவல்துறையால் பின்னரும் கண்டுபிடிக்க இயலவில்லை.

இந்நிகழ்வில் இரு வகைத் துப்பாக்கிகளுக்கும் இடையேயான வேறுபாடு எதுவும் முடிவை மாற்றியிருக்கும் எனக் கூற இயலாது. சில அடித் தொலைவில் சிறு குண்டும் உயிர்போக்கும். முதல் தோட்டா வெடித்தது, இரண்டாவதும் வெடித்தது. பிரௌனிங்கின் பயன் சுடுவதற்கு முன்னரே முடிந்திருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து மணியாச்சி வரை எவர் கண்ணிலும் படாமல் அது வந்து சேர்ந்ததே அப்பயன் ஆகும்.

தற்காப்பு நோக்கிலும் இந்நிகழ்வு ஒன்றை உணர்த்துகிறது. கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமை அக்கால ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தடையின்றி இருந்தது. ஆனால் எதிர்பாராத நேரத்தில், கைக்கெட்டும் தொலைவில் வரும் தாக்குதலின் முன் அவ்வுரிமை காப்பாக அமையவில்லை. நாசிக்கில் நாடக அரங்கிலும், இலண்டனில் ஒரு விருந்து மண்டபத்திலும் நிகழ்ந்தவையும் இத்தகையனவே.

கடிதம்

வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா ஜூன் 22, 1911 அன்று இலண்டனில் நடைபெற இருந்த நேரம் அது. மன்னர் இந்தியாவில் கால் வைத்தவுடன் அவரைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் உறுதி பூண்டுள்ளனர் என்றும், அதை அறிவிக்கும் பொருட்டே தாம் இச்செயலைச் செய்ததாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் நாட்டைக் கவர்ந்து சனாதன தர்மத்தை அழிப்பதாகவும் கடிதம் குற்றம் சாட்டியது. மூவாயிரம் பேர் என்பது உண்மைக்குப் புறம்பானது என்பதைப் பின்னர் நடந்த விசாரணை காட்டியது. சங்கத்தில் இருந்தவர்கள் சிலரே. மன்னரும் டிசம்பர் 1911இல் டெல்லி தர்பாரில் இடையூறின்றிக் கலந்துகொண்டார்.

வழக்கு

காவல்துறையினர் வாஞ்சிநாதனின் உறவினர், நண்பர் வீடுகளைச் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தனர். தேடப்பட்டவர்களுள் தர்மராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் ஆகிய இருவர் தற்கொலை செய்துகொண்டனர். திருநெல்வேலிச் சதி வழக்கு என அறியப்பட்ட இவ்வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதிகள் ஐலிங், சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்தனர்.

1912ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பில் ஒன்பது பேர் தண்டனை பெற்றனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டுகளும், சங்கரகிருஷ்ண ஐயருக்கு நான்கு ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சங்கரன் நாயர் தம் சக நீதிபதிகளிடமிருந்து மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். இந்நிகழ்வுக்குப் பின் பாண்டிச்சேரியில் இருந்த பாரதி, ஐயர் ஆகியோர் மீது பிரிட்டிஷ் உளவுத்துறையின் கண்காணிப்பு மிகவும் கடுமையாயிற்று.

தொடர்புடையோரின் பிற்கால வாழ்க்கை

வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி கற்றுத்தந்த வ. வே. சு. ஐயர் பின்னாளில் வன்முறை வழியிலிருந்து விலகினார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; கம்பராமாயணத்தை ஆராய்ந்தார்; தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராக அறியப்பட்டார். தேசபக்தன் இதழின் ஆசிரியராக இருந்தபோது 1921இல் சிறை சென்றார். சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனி உணவு அளிக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. 1925ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார்.

நீலகண்ட பிரம்மச்சாரி துறவு பூண்டு, சத்குரு ஓம்கார் என்னும் பெயருடன் மைசூர்ப் பகுதியின் நந்தி மலையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார்.

இரு வகைத் துப்பாக்கிகளின் பிற்கால நிலை

மணியாச்சி நிகழ்வு நடந்த அதே 1911ஆம் ஆண்டில்தான் அரைத்தானியங்கியின் நம்பகத்தன்மை உலக அளவில் நிறுவப்பட்டது. அமெரிக்கப் படை நடத்திய சோதனையில் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் துப்பாக்கி 6000 தோட்டாக்களைத் தடங்கல் இன்றிச் சுட்டது. மார்ச் 29, 1911 அன்று அதை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிரிட்டிஷ் படை வெப்லியைக் கைவிடவில்லை. முதல் உலகப் போரின் சேற்றுப் பதுங்கு குழிகளில் சுழல் துப்பாக்கியே ஏற்றது என அதன் அதிகாரிகள் கருதினர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே அப்படை பிரௌனிங் ஹை-பவர் என்னும் 13 தோட்டாத் துப்பாக்கிக்கு மாறியது. இந்தியாவில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும் அம்மாதிரியைப் பின்பற்றியதே. உருக்கு, வெடிமருந்து, தோட்டா ஆகியவற்றின் தரம் உயர்ந்ததால் அரைத்தானியங்கியின் பழைய குறைகள் பெரிதும் நீங்கின. 1980கள், 1990களில் அமெரிக்கக் காவல்துறைகளும் சுழல் துப்பாக்கியைக் கைவிட்டன.

எனினும் தனிமனிதத் தற்காப்பில் சுழல் துப்பாக்கி இன்றும் வழக்கொழியவில்லை. நாள்தோறும் பயிற்சி செய்ய இயலாதவருக்கு அதன் எளிமை துணைபுரிகிறது. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும், அதில் மேகசின் சுருள்வில் தளரும் என்னும் கவலை இல்லை. தோட்டா ஏற்றப்பட்டுள்ளதா என்பதை உருளையைத் திறந்தவுடன் காணலாம். கான்பூரில் இந்தியப் பெண்களுக்கெனச் செய்யப்பட்டு 2014இல் வெளியான நிர்பீக் என்னும் துப்பாக்கியும் ஆறு தோட்டாச் சுழல் துப்பாக்கியே ஆகும். அதன் எடை சுமார் 500 கிராம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இதற்கும் உரிமம் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தது.

மதிப்பீடு

வாஞ்சிநாதனைத் தாய்நாட்டுக்காக உயிர்நீத்த தியாகியாகத் தமிழக மக்களில் பலர் போற்றுகின்றனர். வ. உ. சி.க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கும், திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டிற்கும் இவர் பழிவாங்கினார் என்பது பரவலான கருத்து. மறுபுறம், கடிதத்தில் உள்ள சனாதன தர்மம் பற்றிய சொற்களைச் சுட்டி, இவரின் நோக்கத்தில் சாதி, சமய உணர்வும் கலந்திருந்தது எனத் திறனாய்வாளர் கூறுகின்றனர். பிரசவ வேதனையில் இருந்த தாழ்த்தப்பட்ட பெண் ஒருவரை அக்கிரகாரத் தெரு வழியே ஆஷ் கொண்டுசெல்லச் செய்ததே கொலைக்குக் காரணம் என்னும் வாய்மொழிக் கதையும் வழங்குகிறது. இதற்கு அக்கால ஆவணச் சான்று காட்டப்படவில்லை.

தனிமனிதக் கொலையால் விடுதலை கிட்டுமா என்பது அக்காலத்திலேயே எழுந்த கேள்வி. கர்சன் வைலி கொலைக்குச் சில நாட்களுக்குப் பின் இலண்டன் சென்ற காந்தி, அங்கிருந்த புரட்சியாளர்களுடன் வாதிட்டார். அதே ஆண்டின் நவம்பரில் கப்பலில் திரும்பும்போது எழுதிய இந்திய சுயராஜ்யம் என்னும் நூலில் இவ்வழியை மறுத்தார். மணியாச்சி நிகழ்வுக்குப் பின் தென்தமிழகத்தில் இரகசியச் சங்கங்கள் ஒடுங்கின. அடுத்து எழுந்த பெரும் இயக்கம் காந்தியின் அறவழி இயக்கமாகவே அமைந்தது.

நினைவுச் சின்னங்கள்

மணியாச்சி தொடர்வண்டி நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்னும் பெயரால் அழைக்கப்படுகிறது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்குச் சிலையும், தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபமும் உள்ளன. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையிலும், அவர் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபம் தூத்துக்குடியிலும் உள்ளன.